ஹென்றி ஹைலண்ட் கார்னெட்: அடிமைகளிடமே நேராகப் பேசிய போதகர்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்த ஹென்றி ஹைலண்ட் கார்னெட் யார்? அடிமைகளை வன்முறைக்குத் தூண்டிய பாதிரியார் என்று படித்தேன். ஒரு போதகர் அப்படிப் பேசலாமா? ஃபிரெடரிக் டக்ளஸே அவரை எதிர்த்தாராமே, ஏன்?"

நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கார்னெட் 1815இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாகத் தப்பி வந்து, படித்து, பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகரானார். 1843இல், 27 வயதில், பஃபலோ நகரில் அவர் ஆற்றிய ஓர் உரையால்தான் 'வன்முறையைத் தூண்டியவர்' என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை ஒட்டியவர்களில் பலர் அந்த உரையை முழுதாகப் படிக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். முழுதாகப் படித்தால் அது ஒரு பிரசங்கம் என்பது விளங்கும். அதில் புதிது வன்முறையன்று. அது யாரை நோக்கிப் பேசியது என்பதுதான். அதுவரை அடிமை ஒழிப்பு இயக்கம் பெரும்பாலும் எஜமானர்களிடம் பேசியது, வட மாநில வெள்ளையரிடம் பேசியது, பாராளுமன்றத்திடம் மனுப் போட்டது. கார்னெட் அடிமைகளைப் பார்த்து "சகோதரரே" என்று தொடங்கினார்.

அந்த உரைக்கு வருவதற்கு முன் அவர் வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அந்தச் சொற்களின் சூடு பிடிபடாது.

மேரிலாந்தின் கிழக்குக் கரையில் கென்ட் கவுண்டியில், நியூ மார்க்கெட் என்ற சிற்றூருக்கு அருகே 1815 டிசம்பர் 23 அன்று பிறந்தார். அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்பின் பெரும் குரலாக உயர்ந்த டக்ளஸும், அடிமைகள் பலரைத் தப்பிக்கவைத்த ஹாரியட் டப்மனும் பிறந்தது அதே கிழக்குக் கரைதான். கார்னெட்டின் குடும்பத்துக்கு எஜமானரான வில்லியம் ஸ்பென்சர் என்பவர் இறந்ததும் சொத்து வாரிசுகளுக்குப் பிரியும் நிலை. சொத்து என்றால் நிலமும் மாடும் மட்டுமல்ல, மனிதர்களும்தான். தாய் ஒரு வாரிசுக்கு, பிள்ளை இன்னொரு வாரிசுக்கு என்று போகலாம். 1824இல், ஓர் உறவினரின் இறுதிச் சடங்குக்குப் போய்வர அனுமதி கேட்டுக்கொண்டு 11 பேராக அந்தக் குடும்பம் கிளம்பியது, திரும்பவில்லை. காட்டிலும் சதுப்பிலும் இரவில் நடை. டெலவேரின் வில்மிங்டனில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தாமஸ் காரெட் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். தப்பி வந்தவர்களுக்கு உதவியே வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். அங்கிருந்து பென்சில்வேனியா, பிறகு 1825இல் நியூயார்க்.

அடிமைத்தளை நீங்கியபின் கார்னெட்டின் தந்தை செய்த முதல் காரியம் ஒரு வீட்டு ஆராதனை. குடும்பத்தைக் கூட்டி, கடவுளுக்கு நன்றி சொல்லி, எல்லோருக்கும் புதிய பெயரிட்டார். ஹென்னி என்று அழைக்கப்பட்ட மனைவி அன்று முதல் எலிசபெத். மகள் மேரி இனி எலைசா. தனக்கு ஜார்ஜ் கார்னெட். எஜமானர் வீட்டில் கூப்பிட்ட பெயர் எதுவும் வேண்டாம் என்ற அந்தத் தந்தையின் முடிவைக் கார்னெட்டின் பள்ளித் தோழர் ஜேம்ஸ் மக்கூன் ஸ்மித் பதிவு செய்துவைத்திருக்கிறார். வீட்டுக் கூடத்தில் ஒரு தந்தை செய்த இந்தச் சடங்கில் பின்னாள் போதகரின் விதை இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நியூயார்க்கில் மல்பெரி தெருவில் இருந்த ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் படித்தார். அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பாருங்கள்: பின்னாளில் புகழ்பெற்ற மருத்துவரான மக்கூன் ஸ்மித், இறையியல் அறிஞரான அலெக்ஸாண்டர் கிரம்மெல், பெரும் பேச்சாளரான சாமுவேல் ரிங்கோல்ட் வார்ட். ஒரே பள்ளி ஒரு தலைமுறைத் தலைவர்களையே உருவாக்கியிருக்கிறது.

சிறுவயதிலேயே கப்பலில் சிற்றாளாகக் கியூபா வரை போய்வந்தார். 1829இல் அப்படி ஒரு பயணம் முடிந்து திரும்பியபோது வீடு வெறிச்சோடிக் கிடந்தது. ஆள்பிடிக்காரர்கள் மேரிலாந்திலிருந்து தேடிவந்திருந்தார்கள். தந்தை மாடியிலிருந்து குதித்துத் தப்பினார். தாய் அண்டை வீட்டில் ஒளிந்தார். சகோதரி எலைசா பிடிபட்டு, தான் நியூயார்க் வாசி என்று நிரூபித்த பிறகே விடுவிக்கப்பட்டார். தட்டுமுட்டுச் சாமான்கள் உடைந்தும் களவுபோயும் கிடந்தன. பதின்மூன்று வயதுப் பையன் என்ன செய்தான் தெரியுமா? கையிலிருந்த காசைக் கொடுத்து ஒரு பெரிய மடக்குக் கத்தி வாங்கிக்கொண்டு பிராட்வேயில் நடந்தான், அவர்கள் வரட்டும் என்று. நண்பர்கள்தான் அவனைப் பிடித்து லாங் ஐலண்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அங்கே ஒரு வீட்டில் ஒப்பந்த வேலைக்கு இருந்தபோது விளையாட்டில் வலது காலில் அடிபட்டது. அந்தக் கால் தேறவே இல்லை. ஊன்றுகோலோடு பத்தாண்டுகள் வலியில் கழிந்தபின், 1840ஐ ஒட்டி அதை இடுப்புவரை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து அறுவைக் கூடத்துக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. இனி நான் சொல்லப்போகும் அத்தனை பயணங்களையும் மேடைகளையும் இந்த உடம்போடுதான் அவர் சந்தித்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க் திரும்பியபின் தியோடர் ரைட் என்ற போதகரின் ஞாயிறு பள்ளியில் சேர்ந்தார். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ரைட். கார்னெட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், ஊழியத்துக்கு வரும்படி தூண்டியவரும் அவரே. கறுப்பினத்தவர் கையில் முழுதாக இருந்த நிறுவனங்களில் அன்று முதன்மையானது சபைதான். பள்ளி, கூட்ட அரங்கு, ஏழைகளுக்கான நிதி, தப்பி வந்தவர்களுக்கு ஒளிவிடம் எல்லாம் அதற்குள் இருந்தன. அந்தக் காலத்துக் கறுப்பினத் தலைவர்களில் இத்தனை பேர் போதகர்களாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து 1835. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. நியூ ஹாம்ப்ஷயரில் கேனன் என்ற ஊரில் நோயஸ் அகாடமி என்ற பள்ளி கறுப்பு, வெள்ளை மாணவர்களைச் சேர்த்தே படிக்கவைக்கத் திறக்கப்பட்டது. கார்னெட், கிரம்மெல், தாமஸ் சிட்னி மூவரும் நியூயார்க்கிலிருந்து கிளம்பினார்கள். நீராவிப் படகில் அறை கிடையாது. இரவெல்லாம் மேல்தளத்தில் திறந்த வெளியில். பிறகு குதிரை வண்டியின் கூரைமேல். வழிநெடுக விடுதிகளில் தங்க இடமில்லை, சாப்பாடு கிடைப்பதும் அரிது. நோயாளியான கார்னெட் அந்தப் பயணத்தில் பட்ட துன்பத்தை மறக்கவே முடியாது என்கிறார் கிரம்மெல்.

அந்தக் கோடையிலேயே ஊர்க்கூட்டம் போட்டுப் பள்ளியை அகற்றத் தீர்மானித்தார்கள். ஆகஸ்ட் 10 அன்று சுற்றுவட்டார விவசாயிகள் தொண்ணூறு ஜோடி எருதுகளைக் கொண்டுவந்து, பள்ளிக் கட்டடத்தில் சங்கிலி பூட்டி, அடித்தளத்திலிருந்து பெயர்த்து, அரை மைல் தொலைவிலுள்ள சதுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எருதுகளின் எண்ணிக்கை கிரம்மெல் சொன்னது. மாணவர்கள் தங்கியிருந்த வீட்டையும் அவர்கள் தாக்கக்கூடும் என்று தெரிந்து, காய்ச்சலில் கிடந்த கார்னெட் எழுந்து உட்கார்ந்து தோட்டா வார்த்தார். இரவில் குதிரையில் வந்த ஒருவன் வீட்டை நோக்கிச் சுட்டுவிட்டுப் போனபோது உள்ளிருந்து பதில் குண்டு போனது, சுட்டவர் கார்னெட். அந்த ஒரு சத்தம் எங்கள் உயிரைக் காப்பாற்றியது என்று கிரம்மெல் பிற்காலத்தில் எழுதினார். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகக் கெடு வைத்தார்கள். அவர்கள் வண்டியேறிக் கிளம்பியபோது பின்னாலிருந்து பீரங்கி வெடித்தது அந்த ஊர்.

புத்தகம் ஏந்திய பதினான்கு கறுப்பினப் பிள்ளைகள், அவர்களை விரட்ட ஓர் எருதுப் படை. இது நடந்தது அடிமை முறை கோலோச்சிய தெற்கில் அல்ல, வடக்கே. மனச்சாட்சியைத் தட்டினால் போதும், வெள்ளையர் மனம் மாறும் என்ற நம்பிக்கையை முழுதாக ஏற்கக் கார்னெட்டால் ஏன் முடியவில்லை என்பதை விளக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

கேனனில் அவர் சந்தித்த மாணவி ஜூலியா வில்லியம்ஸ். கனெக்டிகட்டில் புருடென்ஸ் கிராண்டல் என்ற ஆசிரியை கறுப்பினப் பெண்களுக்காக நடத்திய பள்ளியிலும் முன்பு படித்தவர். அந்தப் பள்ளியையும் கும்பல் தாக்கி மூடவைத்தது. ஜூலியாவும் கார்னெட்டும் 1841இல் மணந்துகொண்டார்கள். இடையில் கார்னெட் பெரையா கிரீன் தலைமையிலிருந்த ஒனைடா கல்லூரியில் படித்து முடித்தார். நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில், லிபர்ட்டி தெரு பிரெஸ்பிட்டேரியன் சபையின் முதல் போதகரானார். மதுவிலக்கு, பத்திரிகை, ஞாயிறு பள்ளி, தப்பி வருகிறவர்களுக்கு உதவி என்று அங்கே அவர் தொடாத வேலை இல்லை. வாக்குரிமைக்காகவும் ஓயாமல் மனுக்கொடுத்தார். அந்த மாநிலத்தில் வெள்ளையருக்கு இல்லாத நிபந்தனை கறுப்பினத்தவருக்கு மட்டும் இருந்தது: 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால்தான் ஓட்டு.

இப்போது 1843 ஆகஸ்ட். பஃபலோவில் கறுப்பின மக்களின் தேசிய மாநாடு. இயக்கம் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இரண்டாகப் பிளந்திருந்தது. அடிமை ஒழிப்புப் பத்திரிகை நடத்திய வெள்ளையரான வில்லியம் லாயிட் கேரிசனின் அணி, அரசியல் சாசனமே அடிமை முறையைக் காப்பாற்றுகிறது, ஆகவே தேர்தல் வேண்டாம், அறப் பிரசாரமே போதும் என்றது. மற்ற அணி லிபர்ட்டி கட்சியைத் தொடங்கித் தேர்தலில் இறங்கியது. கார்னெட் இரண்டாவது அணி. இருபத்தைந்து வயது டக்ளஸ் அப்போது கேரிசனின் அணி.

கார்னெட் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். அவர் வாசித்த உரையின் தலைப்பு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அடிமைகளுக்கு ஒரு வேண்டுகோள். அதன் தொடக்கம் இப்படிப் போகிறது: வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள உங்கள் சகோதரர்களாகிய நாங்கள் மாநாடுகள் கூட்டி, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லி, உங்கள் நிலையை நினைத்து அழுதிருக்கிறோம், சுதந்திரமாக இருக்கும் எல்லா வகையினரிடமும் பேசியிருக்கிறோம், ஆனால் இன்றுவரை உங்களுக்கென்று ஆறுதலாகவோ ஆலோசனையாகவோ ஒரு சொல்லைக்கூட அனுப்பியதில்லை. சொந்த இயக்கத்தின் மீதே அவர் வைத்த குற்றச்சாட்டு இது. நியாயமான குற்றச்சாட்டும்கூட.

அடுத்து வருவது ஒரு போதகரின் தர்க்கம். கடவுள் மனிதனுக்குக் கட்டளைகள் கொடுத்திருக்கிறார்: என்னை நேசி, ஓய்வுநாளை ஆசரி, வேதத்தை வாசி, பிள்ளைகளை வளர். அடிமைக்கு இவற்றில் எது சாத்தியம்? வாசித்தால் சவுக்கு; பிள்ளையை வளர்க்கும் முன்பே விற்றுவிடுகிறார்கள். அடிமையாக இருக்கிறாய் என்பதற்காகக் கடவுள் தம் கட்டளைகளைத் தளர்த்திவிடவில்லை. அப்படியானால் இந்த இழிநிலைக்கு மனமுவந்து கீழ்ப்படிவது உன் பங்குக்கு நீ செய்யும் பாவம். எஜமானர்களின் சபைகளில் அடிமைகளுக்கு ஓயாமல் ஓதப்பட்டது "கீழ்ப்படியுங்கள்" என்ற உபதேசம். அதே வேதத்தை எடுத்து, அதைத் தலைகீழாக நிறுத்துகிறார் கார்னெட். ஒழுக்கத்தாலும் அறிவாலும் உடல் வலிமையாலும், வெற்றிதரும் எல்லா வழிகளையும் கையாள்வது உங்கள் கடமை என்கிறார்.

நடைமுறையில் அவர் என்ன செய்யச் சொன்னார்? இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எஜமானரிடம் நேரே போங்கள். நாங்கள் சுதந்திரமாக வாழத் தீர்மானித்துவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்களுடைய நீதி உணர்வைத் தொட்டுப் பேசுங்கள். கடவுளின் நியாயத்தீர்ப்பை நினைவூட்டுங்கள். கூலி கொடுத்தால் உழைக்கிறோம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு வேலையை நிறுத்துங்கள். அதன்பிறகு அவர்கள் கை ஓங்கினால், சிந்தும் இரத்தத்துக்கு அவர்களே பொறுப்பு, நீங்கள் அல்லர். வாளெடுத்துப் புரட்சி செய்யும்படி நாங்கள் ஆலோசனை கூறவில்லை என்ற வாக்கியமும் அந்த உரையிலேயே இருக்கிறது. எண்ணிக்கை போதாது, அது உகந்ததாக இராது என்று காரணமும் சொல்கிறார். சுருங்கச் சொன்னால், அவர் முன்வைத்தது ஒரு வேலைநிறுத்தம்.

ஆனால் அந்த உரையின் தொனி அமைதியானதன்று. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அடிமைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்ட டென்மார்க் வீசி, கிளர்ச்சியை நடத்திய நாட் டர்னர், அமிஸ்டாட் என்ற அடிமைக் கப்பலில் கிளர்ந்தெழுந்த சிங்கே, கிரியோல் என்ற அடிமைக் கப்பலைக் கைப்பற்றிய மேடிசன் வாஷிங்டன் ஆகியோரை வீரர்களாகப் பெயர் சொல்லிப் போற்றினார். அடிமையாக வாழ்வதைவிட உடனே செத்துப்போவது மேல் என்றார். "எதிர்த்து நில்லுங்கள்! எதிர்த்து நில்லுங்கள்! எதிர்த்து நில்லுங்கள்!" என்பதே உங்கள் முழக்கமாகட்டும் என்று முடித்தார். எந்த வகையான எதிர்ப்பு என்பதைச் சூழ்நிலையைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆகவே, இரத்தம் சிந்தும் வாய்ப்பை அறிந்தே பேசினார். அதை நாடிப் பேசவில்லை.

டக்ளஸ் எழுந்து எதிர்த்தார். உரையில் உடல் பலம் பற்றிய பேச்சு மிகுதி, இன்னும் சிறிது காலம் அறவழியை முயலலாம், இதைத் தெற்கே கொண்டுபோனால் கிளர்ச்சி வெடிக்கும், நாம் செய்ய வேண்டியது அதுவன்று என்பது அவர் வாதம். அடிமை மாநிலங்களின் எல்லையை ஒட்டிய சின்சினாட்டியிலிருந்து வந்த பிரதிநிதிகளுக்கு வேறு அச்சம்: இதை ஏற்றுவிட்டு நாங்கள் எப்படி ஊர் திரும்புவது? அங்கிருக்கும் எங்கள் மக்கள் கதி என்ன? இந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். நாட் டர்னர் கிளர்ச்சிக்குப் பிறகு, சம்பந்தமே இல்லாத எத்தனையோ கறுப்பினத்தவரைப் பழிதீர்த்துக் கொன்றார்கள். பஃபலோவில் பேசுகிறவருக்கு அன்று மாலை ஆபத்தில்லை; கேட்டு நடப்பவருக்கு உண்டு. வாக்கெடுப்பில் கார்னெட்டின் உரை ஒரே ஒரு ஓட்டில் தோற்றது.

மாநாட்டுக்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கேரிசனின் பத்திரிகையில் மரியா வெஸ்டன் சாப்மன் என்ற வெள்ளைப் பெண்மணி, இயக்கத்தின் முக்கியத் தூண்களில் ஒருவர், கார்னெட் தவறான ஆலோசகர்களின் பேச்சைக் கேட்டுக் கெட்டுவிட்டார் என்ற தோரணையில் எழுதினார். கார்னெட்டின் பதில் கடிதம் அந்த நூற்றாண்டின் மிகக் கூர்மையான கடிதங்களில் ஒன்று. உரையைப் படித்துக்காட்டியது இருவரிடம்தான், ஒருவர் கறுப்பினச் சகோதரர், அவர் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை. மற்றவர் என் மனைவி, அவர் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் இருவரும் ஒரே மாம்சம் என்றார். பிறகு வருவது இது: "நீங்கள் அடிமை ஒழிப்பாளர் என்பதற்காக நீங்கள் நினைப்பதுபோலவே நானும் நினைக்க வேண்டும், இல்லையேல் உங்கள் இடிமுழக்கத்தில் அழிய வேண்டும் என்றால், உங்கள் அடிமை ஒழிப்பே இழிந்த அடிமைத்தனம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்."

1848இல் அந்த உரையை, கறுப்பின எழுத்தாளர் டேவிட் வாக்கர் அடிமை முறையை எதிர்த்து 1829இல் எழுதிய புகழ்பெற்ற முறையீட்டோடு சேர்த்து ஒரே நூலாக அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஓஹையோ மாநிலக் கறுப்பினத்தவர் மாநாடு அதன் 500 பிரதிகளைப் பரப்பத் தீர்மானித்தது. ஆறே ஆண்டுகளில் காற்று திசை மாறியிருந்தது. டக்ளஸும் மாறினார். தெற்கில் அடிமைகள் எழுந்துவிட்டார்கள் என்ற செய்தி நாளை வந்தால் அதை வரவேற்பேன் என்று 1849இல் பாஸ்டனில் அவரே பேசினார். ஆக, பஃபலோவில் அவர்களுக்குள் இருந்தது இலக்கில் வேற்றுமையன்று. எப்போது, எப்படி என்பதில் இருந்த வேற்றுமை. அதில் காலம் கார்னெட்டின் பக்கம்தான் சாய்ந்தது. அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின்போது (1861–65) இலட்சக்கணக்கான அடிமைகள் தோட்டங்களில் வேலையை விட்டுவிட்டு வடக்குப் படையின் முகாம்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கறுப்பின வரலாற்றாசிரியர் டு பாய்ஸ் 1935இல் எழுதியபோது இதைப் 'பொது வேலைநிறுத்தம்' என்றே அழைத்தார். ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். கூலி இல்லையேல் வேலை இல்லை, கை ஓங்கினால் எதிர்த்து நில் என்று 1843இல் ஒரு போதகர் சொன்னதற்கு மிக அருகில் வரலாறு வந்து நின்றது.

இடைப்பட்ட ஆண்டுகளைச் சற்று வேகமாகக் கடக்கிறேன். 1850இல் பிரிட்டனுக்குப் போனார். அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியையும் சர்க்கரையையும் வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். அந்த ஆண்டு தப்பியோடிய அடிமைகள் சட்டம் கடுமையாக்கப்பட்டது. சட்டப்படி கார்னெட்டும் தப்பியோடியவர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஸ்காட்லாந்துச் சபை அவரை மிஷனரியாக ஜமைக்காவுக்கு அனுப்பியது. உடல்நலம் கெட்டதால் சில ஆண்டுகளில் திரும்பி, தம் குரு ரைட் நடத்திய நியூயார்க் சபையில், அப்போது ஷைலோ சபை என்று பெயர், போதகரானார். 1859 டிசம்பர் 2, அடிமைகளை விடுவிக்க ஆயுதமேந்திய வெள்ளையரான ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்ட நாளன்று, அந்தச் சபையில் நினைவு ஆராதனை நடத்தினார்.

1858இல் தொடங்கிய ஆப்பிரிக்க நாகரிகச் சங்கம்தான் அவருக்குச் சொந்த மக்களிடையே பெரும் பகையைத் தேடித்தந்தது. ஆப்பிரிக்காவில் சுதந்திர உழைப்பால் பருத்தி விளைவித்தால் அமெரிக்க அடிமைப் பருத்தியின் சந்தை சரியும், விரும்பும் கறுப்பினத்தவர் சிலர் அங்கே குடியேறி இதை முன்னெடுக்கலாம் என்பது திட்டம். பருத்தியின் வருமானம்தான் அடிமை முறையின் முதுகெலும்பு என்று அவர் கண்டது சரி. ஆனால் டக்ளஸின் ஆட்சேபத்திலும் நியாயம் இருந்தது. கறுப்பினத்தவருக்கு இந்நாட்டில் இடமில்லை, கப்பலேற்றி அனுப்புங்கள் என்று வெள்ளையர் பலர் ஏற்கெனவே கூச்சலிட்டுக்கொண்டிருந்த காலம். கார்னெட் எத்தனை விளக்கம் சொன்னாலும் அது அவர்களுக்கே வாய்ப்பாக அமைந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் டக்ளஸ் பக்கம்.

போர் வந்ததும் கார்னெட் படைக்கு ஆள் திரட்டினார். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவில் பயிற்சி பெற்ற கறுப்பினப் படைப்பிரிவுகளின் நடுவே போதகராக ஊழியம் செய்தார். 1863 ஜூலையில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் கலவரம் வெடித்து, கும்பல் கறுப்பினத்தவரைத் தேடித்தேடிக் கொன்றது. கார்னெட்டின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே அவர் வீடிருந்த தெருவுக்குள் வந்தார்கள். வாசற்கதவில் அவர் பெயர் பொறித்த தகடு இருந்தது. அவருடைய மகள் மேரி ஒரு கோடாரியை எடுத்து அதைப் பெயர்த்தெடுத்துவிட்டாள். கும்பல் எந்த வீடென்று தெரியாமல் கடந்து போனது. கலவரம் அடங்கியதும் கார்னெட் வீட்டில் முடங்கவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தேடிப் போய், வணிகர்கள் திரட்டிய நிவாரணத்தைச் சேர்ப்பிக்கும் வேலையை மற்றொரு போதகரான சார்லஸ் ரேயோடு சேர்ந்து செய்தார்.

1864இல் வாஷிங்டன் நகரின் பதினைந்தாம் தெரு பிரெஸ்பிட்டேரியன் சபைக்குப் போனார். 1865 ஜனவரி 31 அன்று அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் சாசனத் திருத்தம் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. அதைக் கொண்டாடும் ஆராதனையில் பேசும்படி, அவைக்கென நியமிக்கப்பட்ட போதகர் வில்லியம் ஹென்றி சானிங் கார்னெட்டை அழைத்தார். பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. அந்த அவைக்கூடத்தில் பேசிய முதல் கறுப்பினத்தவர் கார்னெட். அவருடைய சபைப் பாடகர் குழுவே அங்கே பாடியது.

அவர் எடுத்துக்கொண்ட வசனம் மத்தேயு 23:4. "சுமப்பதற்கரிய பாரமான சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் சுமத்துகிறார்கள், தாங்களோ ஒரு விரலினாலும் அவைகளைத் தொடமாட்டார்கள்." அக்கால மதத் தலைவர்களான வேதபாரகரையும் பரிசேயரையும் இயேசு கண்டித்த இடம். தேசத்தின் சட்டம் செய்பவர்கள் உட்காரும் மண்டபத்தில், வெற்றிவிழா நாளில், வாழ்த்து வசனம் எத்தனையோ இருக்க, இதைத் தேர்ந்தெடுத்த துணிவை நினைத்துப் பாருங்கள். உங்கள் சட்டம் மட்டுமல்ல, உங்கள் பக்தியும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது என்பது அதன் பொருள். தம் பிறப்பைப் பற்றி அங்கே அவர் சொன்னது: என் கண்கள் கண்ட முதல் காட்சி, கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களால் அடிமைப்படுத்தப்பட்ட ஒரு கிறிஸ்தவத் தாய், என் காதில் விழுந்த முதல் ஓசை, சவுக்கின் வீச்சும் சங்கிலியின் உரசலும். பிறகு, விடுதலை கொடுங்கள், வாக்குரிமை கொடுங்கள், கல்வி கொடுங்கள் என்று கோரிக்கையை அடுக்கினார். அடிமை முறையை ஒழித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று இயக்கத்தின் பல தலைவர்கள் நிம்மதி அடையத் தொடங்கிய நேரம் அது. கார்னெட்டுக்கு அந்த நிம்மதி இல்லை. பஃபலோவில் பேசியவரும் வாஷிங்டனில் பேசியவரும் ஒரே மனிதர்தான்: ஒன்றில் அடிமைகளிடம், கீழ்ப்படிவது பாவம் என்றார், மற்றதில் ஆள்பவர்களிடம், சுமத்தியவர்கள் நீங்கள் என்றார். ஒரே வேதம், இரு பக்கம்.

போருக்குப் பின் பிட்ஸ்பர்க் அருகே ஏவரி கல்லூரியின் தலைவராகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மறுபடியும் ஷைலோ சபைக்கே வந்தார். 1870இல் ஜூலியா இறந்தார். சிறுவயதில் கப்பலில் போய்ப் பார்த்த கியூபாவில் அப்போதும் அடிமை முறை நீடித்தது. 1872இன் இறுதியில் நியூயார்க்கின் கூப்பர் இன்ஸ்டிடியூட்டில் கூட்டம் கூட்டி, அதை ஒழிக்க அமெரிக்கா அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். கியூபாவில் 1886இல்தான் அது ஒழிந்தது, அவர் இறந்தபின்.

1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்ட் அவரை லைபீரியாவுக்கான அமெரிக்கத் தூதராக நியமித்தார். உடல் தளர்ந்திருக்கிறது, போகவேண்டாம் என்று கிரம்மெல் உட்பட நண்பர்கள் தடுத்தார்கள். இங்கே முதுமையில் கவனிப்பாரின்றி வறுமையில் கிடக்கச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டது மனதைக் குடைகிறது. அவருக்குப் பின்னால் வந்த தலைமுறை அவரை மறக்கத் தொடங்கியிருந்தது. டிசம்பர் இறுதியில் மன்ரோவியாவில் இறங்கினார். மகள் மேரி அங்கே பள்ளிப் பணியில் இருந்தார். 1882 பிப்ரவரி 13 அன்று கார்னெட் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

டக்ளஸ் அளவுக்கு ஏன் இவரை உலகம் அறியவில்லை என்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. டக்ளஸ் மூன்று தன்வரலாறுகள் எழுதினார், ஆண்டுக்கணக்கில் சொந்தப் பத்திரிகை நடத்தினார். கார்னெட் தன்வரலாறு எழுதவில்லை. வாரந்தோறும் பேசிய பிரசங்கங்களில் அச்சேறியவை மிகக் குறைவு. ஆப்பிரிக்கக் குடியேற்றத் திட்டம் அவர் பெயரில் ஒரு சந்தேகத்தைப் படியவிட்டது. அவர் பிறந்த கென்ட் கவுண்டியின் செஸ்டர்டவுனில் ஒரு பள்ளிக்கு அவர் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனாலும் பாடநூல்களில் பெரும்பாலும் அவர் பஃபலோ உரையின் ஒரு வரியாகவே நிற்கிறார். அவருடைய குழந்தைப்பருவம், தப்பி வந்த வழி, பிராட்வேயில் கத்தியோடு நடந்தது, கேனனில் எருதுகள் வந்தது ஆகியவற்றில் பெரும்பகுதியை நாம் அறிவது, மல்பெரி தெருப் பள்ளியில் அவரோடு படித்த மக்கூன் ஸ்மித் 1865இலும் கிரம்மெல் 1882இலும் அவரைப் பற்றி எழுதிவைத்ததால்தான்.